மீனம்பாக்கம் குறிப்பேடு: சென்னை விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு

2024 நவம்பர் 4, திங்கள்

சென்னை விமான நிலையத்தின் சௌகரியம், அசௌகரியம் இரண்டுக்கும் காரணம் அது இருக்கும் இடம். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை, அதை ஒட்டியே மின்சார ரயில் பாதை, அதற்கப்பால் திரிசூலம், பல்லாவரம் மலைகள். மறுபக்கம் அடையாறு. நடுவில் சுமார் 1,300 ஏக்கர். ஹைதராபாத்தின் சம்ஷாபாத் நிலையத்துக்கு 5,500 ஏக்கர் இருக்கிறது. இங்கே பரவ இடமில்லாததால் பழைய கட்டடத்தை இடித்து அதே இடத்தில் புதியதைக் கட்டுகிறார்கள். அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை டெர்மினல் எண்ணும் வழியும் மாறுகின்றன. பத்து வருடத்துக்கு முன் வந்து போன உறவினர் சொல்லும் வழியை நம்பிப் போகக் கூடாது.

இன்றைய நிலவரம்: டெர்மினல் 1, டெர்மினல் 4 இரண்டும் உள்நாட்டுக்கு. இவை இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. நடுவே இருக்கும் டெர்மினல் 2 வெளிநாட்டுக்கு. 2023 ஏப்ரல் 8 அன்று திறந்து வைக்கப்பட்டது. குழப்பம் வருவது 4-இல்தான். 2013-இல் திறந்தபோது அது வெளிநாட்டுப் புறப்பாட்டுக் கட்டடம். இப்போது உள்நாட்டு விமானங்கள் அங்கிருந்து போகின்றன. டாக்சிக்காரரிடம் "டொமஸ்டிக்" என்று மட்டும் சொன்னால் 1-இல் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். டிக்கெட்டில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். மாறி இறங்கிவிட்டால் பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கவுன்டர் மூடும் நேரத்தில் அந்தப் பதினைந்து நிமிடம் பெரிய விஷயம்.

நவம்பர் 7, வியாழன்

கொஞ்சம் பழைய கதை. இந்த ஊரின் விமான ஆர்வம் மீனம்பாக்கத்துக்கும் முந்தியது. இங்கே ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்செலிஸ், 1910-இலேயே சிம்ப்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளோடு ஆமதாபாத் வழியாக பம்பாய் போய் இறங்கினார். அங்கிருந்து அதை பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தவர் டாடாவின் கூட்டாளி நெவில் வின்சென்ட். டாடாவின் விமானத் தபால் சேவை தொடங்கியபோது கடைசி நிறுத்தமாக இருந்தது சென்னைதான். இதை இங்கே வந்து இறங்குகிற எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக எழுதி வைக்கலாம்.

ஊர் பெயர் 1996-இல் மாறினாலும் நிலையக் குறி எம்.ஏ.ஏ. என்றே நிற்கிறது. பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் அதுதான் வரும்.

நவம்பர் 13, புதன்

போகும் வழி.

மெட்ரோதான் முதல் தேர்வு. விமான நிலைய மெட்ரோ 2016 செப்டம்பர் 21 அன்று ஓடத் தொடங்கியது. மேம்பாலத்தில் இருக்கும் நிலையத்திலிருந்து நடைபாலம் வழியாக, தரையில் இறங்கிச் சாலையைக் கடக்காமல், டெர்மினல்களுக்கு வந்துவிடலாம். நீல வழித்தடம் கிண்டி, சைதாப்பேட்டை, சென்ட்ரல் என்று விம்கோ நகர் வரை நேராகப் போகிறது. கோயம்பேடு, அண்ணா நகர் போகிறவர்கள் ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். எழும்பூருக்கு ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ மாறலாம். ஏறத்தாழ காலை 5 முதல் இரவு 11 வரை மட்டுமே ரயில் உண்டு. வளைகுடா, சிங்கப்பூர், கொழும்பு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே வந்து போவதால் அவர்களுக்கு இது பாதிதான் பயன்படும். புறப்பாட்டுக்கு இரவு மெட்ரோவில் வந்துவிடலாம். நள்ளிரவில் வந்து இறங்குகிறவர் டாக்சியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

தெற்கிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். அங்கே இறங்கி சுரங்கப்பாதை வழியாக ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலையம். டிக்கெட் செலவு மிகக் குறைவு. ஆனால் படிகள் உண்டு. இரண்டு பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

தெற்கிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கு இப்போது கிளாம்பாக்கம்தான் இறங்கும் இடம். அங்கிருந்து மாநகரப் பேருந்துகள் ஜி.எஸ்.டி. சாலை வழியாகவே வருகின்றன. காலை எட்டு முதல் பத்து, மாலை ஐந்து முதல் எட்டு ஆகிய நேரங்களில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சாலை நகராது. அந்த வேளையில் வந்தால் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் மின்சார ரயில் பிடிப்பது நல்லது.

நவம்பர் 19, செவ்வாய்

வண்டி நிறுத்தம். 2022 டிசம்பரில் திறந்த அடுக்குமாடி நிறுத்துமிடம் டெர்மினல்களுக்கு எதிரே கிழக்கு, மேற்கு என்று இரண்டு கட்டடங்களாக இருக்கிறது. இரண்டிலும் சேர்த்து 2,000 கார்களுக்கு மேல் நிற்கும். கடைகள், உணவகங்கள், திரையரங்கம் எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. வாசலிலேயே வண்டி நிறுத்திய காலம் போய்விட்டது என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால் பாதிக் கோபம் தணியும்.

இறக்கிவிட மட்டும் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நேரக் கணக்கு உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி வெளியேறும் சாவடியில் முடிகிறது. டெர்மினல் வாசலில் நின்ற நேரம் மட்டும் கணக்கு அல்ல. கூட்ட நேரத்தில் வெளியேறும் வரிசையிலேயே இலவச நிமிடங்கள் கரைந்துவிடும். வழியனுப்பும் பேச்சு, போட்டோ எல்லாம் வீட்டிலேயே முடியட்டும். பெட்டிகளை இறங்கும் வரிசைப்படி டிக்கியில் அடுக்குங்கள். டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இதைவிடச் சுலபம், மீனம்பாக்கம் மெட்ரோவில் இறக்கிவிடுவது. பயணி ஒரே நிறுத்தத்தில் விமான நிலையம் வந்துவிடுவார், வண்டி ஜி.எஸ்.டி. சாலையிலேயே போய்விடும். கைப்பை மட்டும் உள்ளவர்களுக்கு இது அருமையான வழி.

நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு: கிழக்கா மேற்கா, எந்தத் தளம், எந்தத் தூண், மூன்றையும் செல்போனில் படம் எடுங்கள். திரும்பி வரும்போது இருட்டு, அசதி. இரண்டு கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் நுழைவில் உள்ள பலகையைப் படியுங்கள். நாள் கணக்கில் விடும்போது தொகை நாளுக்கு நாள் ஏறும். நகருக்குள் வீடு உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் போனால் டாக்சியே லாபம். ஒரு வாரத்துக்கு மேல் விடுவதானால் டேஷ் கேமராவைக் கழற்றுங்கள். அது பேட்டரியை உறிஞ்சிவிடும்.

நவம்பர் 25, திங்கள்

பெட்டியும் பெயரும்.

கொப்பரைத் தேங்காயை எடுத்துப் போகக் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்து தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் தடை. ஸ்கேனரில் கண்டால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நெய், குழம்பு, ஊறுகாய் ஆகியவை பெரிய பெட்டிக்குள் போகட்டும். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் இருக்கக் கூடாது. பாதி காலியான 200 மில்லி புட்டியும் செல்லாது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: 20,000 மில்லி ஆம்பியர்-அவர், 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-அவர். அளவு எழுதியிருக்கும் எழுத்து தேய்ந்து போனதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களை அதிகம் தடுமாற வைப்பது இனிஷியல். ஆதாரில் "கு. செல்வி", டிக்கெட்டில் "செல்வி குமார்" என்று இருந்தால், முகத்தைக் காட்டி உள்ளே போக உதவும் டிஜி யாத்ரா செயலி ஏற்காமல் போகலாம். டிக்கெட் எடுக்கும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பார்கள் என்று பின்னர் விளக்கம் வந்தது. டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று தேதி. "15ஆம் தேதி 00:40" என்றால் 14ஆம் தேதி இரவே கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு வந்து நிற்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பணம் முழுவதும் போய்விடும். கவுன்டர் மூடுவது பெரும்பாலும் உள்நாட்டுக்கு 60 நிமிடம் முன், வெளிநாட்டுக்கு 60 முதல் 75 நிமிடம் முன்.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயலால் சனிக்கிழமை பகலில் மூடிய நிலையம் ஞாயிறு அதிகாலைதான் திறந்தது. டிசம்பர் என்றாலே இந்த நிலையத்துக்கு அடையாறு பக்கத்தில் இருக்கும் நினைவு வந்துவிடும். இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேல் பாலமாகவே போகிறது. 2015 டிசம்பர் 1 அன்று ஆறு பெருகியபோது ஓடுதளம் முழுக்க வெள்ளம் நின்றது. 6ஆம் தேதிதான் சேவை மீண்டும் தொடங்கியது. இடையில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின. 2023-இல் மிக்ஜாம் வந்தபோதும் ஒரு நாள் மூடல்.

புயல் எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியது: டிக்கெட்டில் பதிந்திருக்கும் செல்போன் எண் உங்களுடையதா என்று பாருங்கள். ஏஜென்ட் எண்ணாக இருந்தால் ரத்துச் செய்தி அவருக்குப் போகும், நீங்கள் வாசலில் நிற்பீர்கள். வானிலையால் ரத்தானால் இழப்பீடு கிடையாது. ஆனால் பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு விமானம் கேட்கவோ உரிமை உண்டு. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் பணம் அவர் வழியாகத்தான் வரும். வேறு விமானம் வேண்டும் என்பவர்கள் உடனே கேட்க வேண்டும். இடங்கள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

டிசம்பர் 11, புதன்

வருகை. செயலி டாக்சிகள் ஏற்றுவது நிறுத்துமிடக் கட்டடத்தில். பெட்டி கைக்கு வரும் முன் பதிவு செய்யாதீர்கள். டிரைவருக்குக் காத்திருக்கும் நேரம் செலவு, அதனால் ரத்து செய்துவிடுவார். பெரியவர்களோடு வந்தால் வருகைக் கூடத்திலேயே உள்ள முன்கட்டண டாக்சி கவுன்டர் போதும். கொஞ்சம் கூடுதலானாலும் அலைச்சல் மிச்சம்.

2025 ஜனவரி 10, வெள்ளி

வரும் திங்கள் போகி. அன்று அதிகாலை விமானம் எடுத்திருப்பவர்கள் கவனிக்க. மார்கழிக் கடைசிப் பனியோடு டயர், பிளாஸ்டிக் எரித்த புகை சேர்ந்தால் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை மறைந்துவிடும். விமானம் இறங்க வழிகாட்டும், இங்குள்ள முதல் வகை ஐ.எல்.எஸ். கருவியைக் கொண்டு இறங்க, ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் தூரம் பார்வை தெரிய வேண்டும். 2018 போகியன்று அது கிடைக்காமல் விமானங்கள் பெங்களூரு, ஹைதராபாத் என்று திருப்பி விடப்பட்டன. வர வேண்டிய விமானம் வராததால் இங்கிருந்து புறப்பட வேண்டியதும் நின்றது.

வெயில் ஏறிய பிறகே புகை கலையும். அன்று காலை ஒன்பது மணிக்கு முன் இணைப்பு விமானம் வைக்காதீர்கள். தீ வைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய பாயை எரியுங்கள், டயரை வேண்டாம். பொழிச்சலூர், அனகாபுத்தூர், பம்மல்வாசிகள் மூச்சுவிடவும் அது உதவும்.

ஜனவரி 18, சனி

நேற்று முன்தினம் சென்னை உட்பட ஏழு நிலையங்களில் விரைவுக் குடிவரவு வசதி தொடங்கியிருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டை உள்ளவர்களுக்கும் பொருந்தும். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் கைரேகையும் முகப்பதிவும் தர வேண்டும். பிறகு தானியங்கிக் கதவில் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்து, பதிவு செய்த அடையாளம் ஒத்துப்போனால் போதும். பதிவு ஐந்து வருடம் அல்லது பாஸ்போர்ட் காலாவதி, எது முந்தியோ அதுவரை செல்லும். அடிக்கடி சிங்கப்பூர், துபாய் போய்வருகிறவர்கள் இப்போதே செய்துவிடலாம்.

இது தீர்க்காத ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்ற குறி) என்று இருந்து, வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போகிறவர்களுக்கு, அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகப் பெறும் அந்த அனுமதி கட்டாயம். அது இல்லாமல் வந்தால் போர்டிங் பாஸ் கையில் இருந்தாலும் குடிவரவு மேசையில் திருப்பி அனுப்புவார்கள். ஏஜென்ட் "அங்கே பேசிக்கலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அனுமதித் தாளின் நகலைக் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.