இரண்டே தாங்கிகள்: 1/72 மிக்-21க்கு ஆயுதம் தேடிய நாட்குறிப்பு

3 நவம்பர் 2024, ஞாயிறு

ஆறு ஆண்டுகளாக அலமாரியின் மேல்தட்டில் கிடந்த இரண்டு மிக்-21 கிட்டுகளையும் இன்று இறக்கித் தூசி தட்டினேன். இரண்டும் 1/72 அளவு, அதாவது உண்மையான விமானத்தில் 72இல் ஒரு பங்கு. உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் 7.15 மீட்டர், என் மேசையில் அது 10 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. இந்த இரண்டையும் 1971 டிசம்பர் இந்திய-பாகிஸ்தான் போரில் கவுஹாத்தி தளத்திலிருந்து டாக்காவுக்குப் பறந்த இந்திய விமானப்படையின் மிக்-21எஃப்எல் விமானங்களாகக் கட்ட வேண்டும் என்பது பழைய ஆசை.

பெட்டியைத் திறந்ததும் முதல் ஏமாற்றம். விமானத்தின் உடற்பகுதி, இறக்கை, சக்கரம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆயுதம் என்று கொடுத்திருப்பது இரண்டு கே-13 ஏவுகணைகளும் ஓர் எரிபொருள் தொட்டியும் மட்டுமே. அந்த ஏவுகணைகளின் துடுப்புகளோ உண்மை அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் கை அகலத் தடிமனில் இருக்கும். குண்டும் இல்லை, ராக்கெட்டுகளைக் குழல்களில் அடுக்கி வைக்கும் ராக்கெட் கூடும் இல்லை.

5 நவம்பர், செவ்வாய்

இணையக் கடைகளில் இரண்டு மாலைகள் செலவழித்தேன். 1/72 அளவில் விமான ஆயுதங்களைத் தனிப்பெட்டியாக விற்பதில் ஹாசெகாவாவின் தொகுப்புகளே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை. அந்த நிறுவனத்தின் அமெரிக்க விமானக் கிட்டுகள் பலவற்றில் ஆயுதமே இருக்காது. ஆயுதப் பெட்டியைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுப்புகள் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க ஆயுதங்கள். எம்கே 82 குண்டு, சைட்வைண்டர், ஸ்பாரோ எனக் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் சோவியத் தாங்கிகள் (ஆயுதம் தொங்கவிடும் அடிப்பக்கப் பிடிப்புகள்) உள்ள என் விமானத்துக்கு அவற்றால் பயனில்லை.

சோவியத் ஆயுதங்களுக்கென ஐசிஎம் நிறுவனம் 1/72 அளவில் வெளியிட்ட தொகுப்புகளையும் பார்த்தேன். அவற்றில் தரைத்தாக்குதலுக்கான பெட்டியில் இருப்பவை பெரிய வழிகாட்டு ஏவுகணைகள், 1980களிலும் அதற்குப் பின்னரும் வந்தவை. 1971இல் பறந்த விமானத்தில் அவற்றைத் தொங்கவிடுவது சோழர் காலக் கல்வெட்டில் பின்கோடு எழுதுவதைப் போன்றது. எட்வார்ட் நிறுவனத்தின் ரெசின் வார்ப்புகள் நுணுக்கத்தில் மிகச் சிறந்தவை. ஆனால் நான்கு சிறு ஆயுதங்களுக்கு விமானக் கிட்டைவிட அதிக விலையும், அதற்குமேல் அஞ்சல் செலவும் சுங்கவரியும் கொடுக்க மனம் வரவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

மாதிரி கட்டும் நண்பர் ஒருவர், தம்மிடம் மிஞ்சிய மிக்-21எம்எஃப் என்ற பிந்தைய வகைக் கிட்டின் ஸ்ப்ரூ சட்டகம் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "எல்லாம் மிக்தானே சார், நாலு தாங்கியிலும் மாட்டிவிடுங்கள்" என்றார். இந்த விளையாட்டில் பலரும் சறுக்கும் இடம் இதுவே.

எஃப்எல் விமானத்துக்கு இறக்கைக்கு ஒன்றாக மொத்தம் இரண்டே தாங்கிகள். அவற்றைத் தவிர வயிற்றின் நடுவில் ஒன்று. நான்கு இறக்கைத் தாங்கிகள் உள்ள பிந்தைய வகைகள் இந்தியப் படையில் சேர்ந்தது 1971 போருக்குப் பிறகு. எனவே ஒரு கண்காட்சியில் டாக்கா விமானம் என்று எழுதி வைத்த மாதிரியில் நான்கு தாங்கிகளைக் கண்டால், சாயம் எவ்வளவு அழகாகப் பூசியிருந்தாலும், அதைக் கட்டியவர் தேதியைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அவர் கொண்டுவந்த சட்டகத்தில் ராக்கெட் கூடுகள் இருந்தன. ஒன்றின் முகப்பில் துளைகளை எண்ணினேன்: 32. அது யூபி-32. எனக்கு வேண்டியது 16 துளைகள் உள்ள யூபி-16. அதுவும் ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று. அதன் ஜோடியை யாரோ எப்போதோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த ஒன்றின் முகப்பிலும் துளைகள் இல்லை. அம்மைத் தழும்புகளைப் போன்ற பள்ளங்கள் மட்டுமே. இருந்தாலும் நீளத்துக்கும் பருமனுக்கும் ஒரு மாதிரி கிடைத்துவிட்டதால் நண்பருக்கு இரண்டாவது காபி கொடுத்தேன்.

14 நவம்பர், வியாழன்

வாங்குவதை நிறுத்திவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

போர் தொடங்கியதும் டாக்காவின் தேஜ்காவ் விமானதளத்தில் இருந்த பாகிஸ்தானின் 14ஆவது ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) சேபர் போர்விமானங்களே கிழக்கு வானில் இந்தியாவுக்குத் தடையாக நின்றன. பீரங்கியாலும் ராக்கெட்டாலும் தாக்கினால் தரையில் நிற்கும் விமானம் எரியலாம். ஆனால் ஓடுபாதையில் கீறல் விழுமே தவிர அது பயனற்றுப் போகாது. ஓடுபாதையைப் பிளக்க, உயரத்திலிருந்து செங்குத்துக்கு நெருக்கமாக விழுந்து கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிக்கும் கனமான குண்டு வேண்டும். டிசம்பர் 6 அன்று 28ஆவது ஸ்குவாட்ரனின் மிக்-21கள் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 500 கிலோ குண்டுகளைச் சுமந்து சென்று, செங்குத்தாகப் பாய்ந்து ஓடுபாதையில் பள்ளங்களைத் தோண்டின. சேபர்கள் அதன்பின் எழவில்லை.

டிசம்பர் 14 அன்று கதை வேறு. டாக்காவில் கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநரின் மாளிகையில் நண்பகலில் ஒரு கூட்டம் நடக்கவிருப்பது வானொலி இடைமறிப்பில் தெரியவந்தது. விங் கமாண்டர் பிஷ்ணோய் தலைமையில் நான்கு மிக்-21கள் புறப்பட்டன. இலக்கைக் கண்டுபிடிக்க அவர் கையில் இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான வரைபடம். நகரின் நடுவே நிற்கும் ஒரே ஒரு கட்டடத்தைத் தாக்க வேண்டும், சுற்றிலும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்ற நிலையில் 500 கிலோ குண்டு பொருந்தாது. சன்னல் வழியாகக் கூடத்துக்குள் நுழையும் 57 மில்லிமீட்டர் ராக்கெட்டே அந்த வேலைக்கு உரியது. ஒரு கூட்டுக்கு 16 என்றால் ஒரு விமானத்துக்கு 32. நான்கும் கூடுகளை முழுமையாக நிரப்பிச் சென்றிருந்தால் 128. அன்றே ஆளுநர் மாலிக் பதவி விலகல் கடிதம் எழுதிவிட்டு, நடுநிலைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்த இன்டர்கான்டினென்டல் ஓட்டலுக்குச் சென்றார்.

ஒரே ஸ்குவாட்ரன், ஒரே வகை விமானம், எட்டு நாள் இடைவெளி. சாயத்தைப் பார்த்து எந்த நாள் என்று சொல்ல முடியாது. வால் எண்ணைப் பார்த்தாலும் சொல்ல முடியாது. இறக்கைக்கு அடியில் என்ன தொங்குகிறது என்பதே விமானத்துக்கு நாள் குறிக்கிறது. முதல் கிட்டுக்கு டிசம்பர் 6, இரண்டாவதற்கு டிசம்பர் 14 என்று முடிவு செய்தேன்.

17 நவம்பர், ஞாயிறு

குண்டு வேலை. எடுத்துக்கொண்டது எம்-62 வகையைச் சேர்ந்த ஃபேப்-500 என்ற சோவியத் 500 கிலோ குண்டு. 1954ஆம் ஆண்டின் வடிவத்தில் வந்த பழைய குண்டு குள்ளமாகவும் மொட்டையாகவும் இருக்கும், ஏனெனில் அது குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றறைக்குள் அடுக்குவதற்காக உருவானது. எம்-62 அப்படியன்று, வேகமான விமானத்தின் வெளிப்புறத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் நீண்டு கூர்ந்திருக்கும். விட்டம் 400 மில்லிமீட்டர், நீளம் ஏறக்குறைய 2.47 மீட்டர். 72ஆல் வகுத்தால் விட்டம் 5.56 மில்லிமீட்டர், நீளம் 34.3 மில்லிமீட்டர்.

ஐந்தரை மில்லிமீட்டரில் என்ன கிடைக்கும் என்று வெர்னியர் காலிப்பரும் கையுமாக வீட்டைச் சுற்றி வந்தேன். பேனா ரீஃபில் மெலிது. அகர்பத்திக் குழல் பருமன். மனைவி மணமான புதிதில் குன்னூரில் வாங்கி, அரை ஸ்வெட்டரோடு நின்றுபோன கம்பளி பின்னும் ஊசி இரண்டு பீரோவின் அடியில் கிடந்தன. பிளாஸ்டிக் ஊசி, 5ஆம் எண். காலிப்பர் 5.5 காட்டியது. முனை ஏற்கெனவே குண்டின் மூக்கைப் போலக் குவிந்திருந்தது. ஒரு ஜோடி ஊசியில் இரண்டு முனைகள், ஒரு விமானத்துக்கு இரண்டு குண்டுகள்.

"அந்த ஸ்வெட்டரை இந்தக் குளிருக்காவது முடிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் வராத குளிர் இந்த ஆண்டும் வரப்போவதில்லை என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

வெட்டிய துண்டைக் கைத்துளைப்பானில் பூட்டிச் சுழலவிட்டு, 400ஆம் எண் நீர் உப்புத்தாளை வாலில் பிடித்தால் மெல்ல மெல்லக் கூம்பு வடிவம் வருகிறது. அவசரப்பட்டால் பிளாஸ்டிக் சூடேறி இழுபடும்; முதல் வால் அப்படித்தான் கோணிப்போனது. நல்லவேளையாக ஊசியின் மறுமுனையிலும் வெட்டிக்கொள்ள நீளம் இருந்தது, மூக்கை மட்டும் நானே தீட்டினேன். துடுப்புகளுக்கு முதலில் கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வெட்டிப் பார்த்தேன். கணக்குப் போட்டால் அது உண்மை அளவில் 18 மில்லிமீட்டர் தடிமன், குண்டின் துடுப்பு அத்தனை பருமனாக இருக்காது. குளிர்பான டப்பாவின் அலுமினியம் அதில் பாதிகூட இல்லை. கத்தரிக்கோலால் வெட்டினால் சுருள்கிறது. கண்ணாடியின் மேல் வைத்து இரும்பு அளவுகோலை அழுத்திக் கத்தியால் கீறி, முன்னும் பின்னும் மடித்து ஒடித்தால் ஓரம் நேராக வருகிறது. எட்டுத் துடுப்புகளுக்கு நான்கு மணி நேரம்.

20 நவம்பர், புதன்

தேவையில்லாத வேலை ஒன்று செய்தேன். கே-13 ஏவுகணையின் விட்டம் 127 மில்லிமீட்டர், 1/72இல் 1.76. அலுவலகத்துத் தம்பி ஒருவனின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஓடும் பிளாஸ்டிக் இழையின் விட்டம் 1.75. இந்தப் பொருத்தத்தைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. 39 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகளை வெந்நீரில் போட்டு நேராக்கி, துடுப்பும் ஒட்டியாயிற்று. என் இரண்டு விமானங்களிலும் இதற்கு இடமில்லை, ஒன்றில் குண்டு, மற்றொன்றில் ராக்கெட். இப்போது அவை தீப்பெட்டிக்குள் படுத்திருக்கின்றன.

24 நவம்பர், ஞாயிறு

ராக்கெட் கூட்டின் துளை 57 மில்லிமீட்டர். 72ஆல் வகுத்தால் 0.79. இந்த அளவில் குழல் எங்கே கிடைக்கும் என்று மூன்று நாள் யோசித்தும் தோன்றாதது, நேற்று சர்க்கரைப் பரிசோதனைக்குக் கையை நீட்டியபோது தோன்றியது. 21 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.82 மில்லிமீட்டர்.

தெருமுனை மருந்துக்கடையில் போய் 21 கேஜ் ஊசி பத்து வேண்டும், சிரிஞ்ச் வேண்டாம் என்று கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கு சார்?" என்றார். ராக்கெட்டுக்கு என்று உண்மையைச் சொன்னதில் அவர் சந்தேகம் இன்னும் கூடியது. கைப்பேசியில் படத்தைக் காட்டிய பிறகுதான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, முடிந்ததும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

முனைகளை முதலில் வெட்டி அப்புறப்படுத்தி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சிறு மோட்டாரில் பூட்டிய வெட்டுத்தட்டால் ஆறு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினேன். இடுக்கியால் பிடித்தும் பாதித் துண்டுகள் பறந்து மறைந்தன. பிறகு மோட்டாரை ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்து வெட்டினேன். பறந்தவை பைக்குள்ளேயே விழுந்தன. நண்பர் தந்த கூட்டின் முகப்பை அறுத்து எடுத்து, உட்புறத்தைக் குடைந்து, 16 குழல்களையும் கட்டாகச் செருகினேன். ஊசியின் சுவர் சற்றுத் தடிமன், ஆகவே துளை உண்மையைவிடச் சிறிது. ராக்கெட் நிரப்பிய கூட்டில் ஒவ்வொரு துளையையும் அதன் மூக்கு அடைத்திருக்கும் என்பதால் இந்தக் குறையோடு நான் சமாதானமாகிவிட்டேன்.

25 நவம்பர், திங்கள்

குழல்களை ஃபெவிக்விக் ஊற்றி ஒட்டி, மூடிய டப்பாவுக்குள் இரவு முழுவதும் வைத்தது தவறு. காலையில் திறந்தால் கூடு முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. அந்தப் பசையின் ஆவி காற்றோட்டமில்லாத இடத்தில் இப்படித்தான் படியும். தேய்த்துச் சாயம் பூசினால் மறைந்துவிடும்.

1 டிசம்பர், ஞாயிறு

இரண்டாவது கூடும் முடிந்தது. முதலாவதை அளந்து, பிளாஸ்டிக் குழாயில் எம்-சீல் நிரப்பித் தேய்த்துச் செய்தது. அருகருகே வைத்தால் புதியது ஒரு மயிரிழை நீளம். இறக்கைகளுக்கு நடுவே உடல் இருப்பதால் இரண்டையும் ஒரே பார்வையில் யாரும் காணப் போவதில்லை.

வயிற்றின் நடுத்தாங்கியைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். எஃப்எல் விமானத்தின் உடலுக்குள் பீரங்கி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஜிபி-9 என்ற பீரங்கிக் கூடு: இரட்டைக் குழல் 23 மில்லிமீட்டர் பீரங்கி, 200 குண்டுகள். டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவின் மேல் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர்விமானம் ஒன்றை வீழ்த்தியது இந்தப் பீரங்கிதான். ஆனால் அது தொங்குவதும் எரிபொருள் தொட்டி தொங்குவதும் ஒரே தாங்கியில். ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க முடியாது. இரண்டையும் ஒட்டிய மாதிரிகளை நான் படங்களில் பார்த்திருக்கிறேன், எப்படித்தான் இடம் கண்டுபிடித்தார்களோ. என் இரு விமானங்களிலும் நடுத்தாங்கியைப் பிறகு மாற்றிக்கொள்ளும்படி ஒட்டாமல் விட்டு, ஒரு துளையும் குண்டூசியும் மட்டும் வைத்திருக்கிறேன்.

8 டிசம்பர், ஞாயிறு

குண்டுகளுக்குச் சாம்பல் நிறம் பூசி, பல்குச்சியில் குத்தித் தெர்மாகோலில் நட்டு வைத்திருக்கிறேன். கூடுகளுக்கும் அதே சாம்பல்தான். துளைகளில் மட்டும் நீர்த்த கறுப்பை விட்டுத் துடைத்ததும் பதினாறும் தனித்தனியே தெரிந்தன.

மாலையில் ஒரு குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தாங்கியின் கீழ்விளிம்போடு குண்டு இணையாக நிற்க வேண்டும். மூக்கு ஒரு பாகை தாழ்ந்தாலும் எங்கோ ஏதோ உடைந்ததைப் போலக் கண்ணை உறுத்துகிறது. ஒட்டுவதற்கு முன் தாங்கியிலும் குண்டிலும் 0.3 துளை போட்டு, மெல்லிய செம்புக் கம்பியைச் செருகிக்கொண்டால் பசை காயும்வரை நகராமல் நிற்கும். வலது இறக்கை முடிந்தது. இடது இறக்கையின் துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டதால் புட்டிப் பசையால் அடைத்திருக்கிறேன். காய்ந்தபின் நாளை மறுபடியும் துளைக்க வேண்டும். ராக்கெட் விமானத்தின் படத்தை மட்டும் மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பினேன். ஊசி எங்கே என்று கேட்டிருக்கிறார்.