பாடகி கிடைக்காத ஊரும் ஹட்சுனே மிக்குவும்

மதுரையைச் சுற்றிக் கோயில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தபேலாவுக்கு ஆள் கிடைக்கும், பேஸ் கிடாருக்குக் கிடைக்கும், ரிதம் பேட் தட்டத் தெருவுக்கு ஒரு பையன் இருக்கிறான். பெண் குரல்தான் கிடைக்காது. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நன்றாகப் பாடுகிற பெண்கள் ஒரே ராத்திரியில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேடை, மேலூர்ப் பக்கம் ஒரு மேடை என்று காரில் பறப்பார்கள். கச்சேரிக்கே இந்தப் பாடு என்றால், சொந்தமாக மெட்டுப் போட்டு வைத்திருக்கிறவன் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஸ்டுடியோவுக்குக் காசு, பாடுகிறவருக்குக் காசு, அவர் வருகிற நாள்வரை காத்திருப்பு. நானே 'ல ல லா' என்று முனகிப் பதிவு செய்த மெட்டுகள் என் ஹார்ட் டிஸ்கில் நிறையக் கிடக்கின்றன. அவற்றை என் குரலில் கேட்க வீட்டிலேயே ஆளில்லை.

அதனால்தான் அண்ணன் மகள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "சித்தப்பா, இதுல யாரு பாடுறா சொல்லுங்க" என்றபோது எனக்கு அது வெறும் வேடிக்கையாகப் படவில்லை. ஜப்பானியப் பாட்டு, தலைதெறிக்கிற வேகம். "ஏத்தா, இந்தப் பிள்ளை எங்கதான் மூச்சு எடுக்குது?" என்றேன். "அதுக்கு மூச்சே இல்ல சித்தப்பா, சாஃப்ட்வேரு" என்றாள்.

நான் வாசிக்கிற கீபோர்டு யமஹா. அதே யமஹா செய்ததுதான் வோகலாய்டு என்கிற இந்தப் பாடும் மென்பொருள். 2000-இல் பார்சிலோனாவில் உள்ள பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 2004-இல் முதல் குரல்கள் விற்பனைக்கு வந்தன. கம்ப்யூட்டரைப் பாட வைப்பது அதற்கும் வெகு முந்திய ஆசை. 1961-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் இயந்திரம் ஒன்று 'டெய்சி பெல்' பாடிவிட்டது. ஆனால் வோகலாய்டு குரல்களில் ஊரைக் கலக்கியவள் ஹட்சுனே மிக்குதான். சப்போரோ நகரத்து கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா என்ற நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று அவளை வெளியிட்டது. கார்ட்டூன் உருவத்தில் இரட்டைக் குதிரைவால் போட்ட, பச்சை நீல முடிக்காரி. வயது என்றைக்கும் 16. குரல் கொடுத்தவர் சாகி ஃபுஜிதா என்ற டப்பிங் நடிகை. அவர் பாட்டாக எதையும் பாடிக் கொடுக்கவில்லை. துண்டு துண்டாகச் சப்தங்களைப் பதிந்து கொடுத்தார். ஒரு சப்தம் அடுத்ததற்குள் வழுக்கிப் போகிற இடம் உட்பட எல்லாம் சேமிப்பில் இருக்கும். நாம் ஸ்வரத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை வைத்தால், மென்பொருள் அந்தத் துண்டுகளை ஒட்டி, சுருதிக்கு இழுத்துப் பாடுகிறது.

அப்படியே விட்டால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். அதிர்வு எங்கே தொடங்க வேண்டும், அழுத்தம் எங்கே குறைய வேண்டும், ஸ்வரத்துக்குக் கீழிருந்து ஏறுவதா நேராக நிற்பதா என்று கோடு கோடாக வரைய வேண்டும். ஒரே மிக்குவை வைத்து ஒருவர் அழ வைக்கிறார், இன்னொருவர் காதைப் புண்ணாக்குகிறார். கை நம்முடையது என்பதால் நான் அவளைப் பாடகி என்றே சொல்ல மாட்டேன். வாத்தியம்.

இந்த வாத்தியம் கிடைத்ததும் அங்கே என்னைப் போன்ற அறைமூலை ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பெயருக்குப் பின்னால் 'பி' (புரொடியூசர் என்பதன் சுருக்கம்) போட்டுக்கொண்டு நிகோ நிகோ டோகா என்ற வீடியோ தளத்தில் பாட்டுகளை ஏற்றினார்கள். 2007 டிசம்பரில் ரியோ என்பவர் போட்ட 'மெல்ட்' பெரிய ஹிட். ஒருவர் மெட்டுப் போட, முகம் தெரியாத இன்னொருவர் படம் வரைய, மூன்றாமவர் அதை அசைய வைத்தார். அண்ணன் மகள் என்னைக் கேட்க வைத்த வேகப் பாட்டு கோஸ்மோ என்பவருடையது. நிமிடத்துக்கு 240 தட்டு. மனிதர் பாட முடியாது என்று நினைத்தே போட்டது போல இருக்கும். அதையும் விடாமல் மனிதர்கள் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஹச்சி என்ற பெயரில் மிக்குவுக்குப் பாட்டுப் போட்ட பையன்தான் பிறகு சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் பாடி ஜப்பானின் பெரிய நட்சத்திரமான கென்ஷி யோனெசு. வோவாகா என்ற இன்னொருவர் 2019-இல் 31 வயதில் இறந்துபோனார். அவருடைய 'ரோலிங் கேர்ள்' கேட்டால் இத்தனை சின்ன வயதில் இத்தனை அவசரம் ஏன் என்று தோன்றும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. மிக்குவின் மேடைக் கச்சேரி வீடியோக்களில் எல்லாரும் கண்ணாடித் திரையில் ஆடுகிற அவளைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது பக்கத்தில் நிற்பவர்களை. டிரம்ஸ், கிடார், பேஸ், கீபோர்டு, எல்லாம் ரத்தமும் சதையுமான ஆட்கள். 2010 மார்ச் 9 டோக்கியோ கச்சேரியிலும் அப்படித்தான். பாடகி நிற்கவும் மாட்டாள், காத்திருக்கவும் மாட்டாள் என்பதால் அவளோடு நூல் பிசகாமல் வாசிக்கிறார்கள். நம்மூரில் இப்போது நடப்பது தலைகீழ். செலவு கூடுதல் என்று கமிட்டிக்காரர்கள் வாத்தியக்காரர்களை வெட்டிவிட்டு, மைனஸ் ட்ராக் என்று குரல் மட்டும் இல்லாத பதிவு இசையை ஓட விட்டுப் பாடகரை மட்டும் மேடையில் நிறுத்துகிறார்கள். அங்கே குரல் மெஷின், வாத்தியம் மனிதர். இங்கே வாத்தியம் மெஷின், குரல் மனிதர். "கம்ப்யூட்டர் வந்து கலைஞன் பிழைப்பைக் கெடுத்துவிட்டது" என்று என்னிடம் அங்கலாய்த்த அண்ணன் ஒருவர் பென் டிரைவோடுதான் கச்சேரிக்கு வருகிறார். சரி, அவர் பிழைப்பு அவருக்கு.

செத்தவர் குரலை ஏஐ-யில் எழுப்புவதையும் இதையும் சிலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். 2024-இல் வந்த 'லால் சலாம்' படப் பாட்டுக்கு ஏ.ஆர். ரகுமான் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் அப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். முறையான காரியம்தான். ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. ஷாகுல் ஹமீது என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'உசிலம்பட்டி பெண்குட்டி' ஞாபகம் வரும். மனசு புதுப்பாட்டைக் கேட்காமல் பழைய ஆளைத் தேடுகிறது. மிக்குவிடம் அந்தத் தொல்லை இல்லை. அவள் யாராகவும் நடிக்கவில்லை.

தமிழில் இப்படி ஒரு குரல் செய்தால் என்ன என்று அண்ணன் மகள் இறங்கிவிட்டாள். யூடாவு என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. யார் குரலையும் அதில் ஏற்றலாம். 2008 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினக் கேலியாக வெளிவந்த கசானே டெட்டோ அதில்தான் பாட ஆரம்பித்தாள், இன்றைக்கு மிக்குவுக்குச் சமமாக நிற்கிறாள். ஜப்பானியம் பெரும்பாலும் நம் உயிர்மெய் போலவே ஒலிப்பதால் 'க, கா, கி, கீ' என்று பதிவது சுலபம் என நினைத்தோம். 'காகம்' என்பதில் இரண்டு 'க'வும் ஒன்றில்லை. 'கண்', 'பால்' போலப் புள்ளி வைத்து முடிகிற சொற்களுக்கு முடிவுகளைத் தனியாகப் பதிய வேண்டும். 'பட்டு', 'பத்து' என்று இரட்டிக்கிற இடத்தில் நடுவில் ஒரு சிறு மௌனம் வேண்டும். கமகத்தை நினைத்தால் இப்போதே தலை சுற்றுகிறது.

மைக்கில் காற்றுச் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிகிறாள், இந்தச் செல்லூர் வெயிலில். ழகர வரிசை வந்தபோது தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துவிட்டது. பதிவு முடிந்ததும் முதலில் எதைப் பாட வைப்பது என்பதில்தான் சண்டை. அவளுக்கு ஜப்பானிய மெட்டில் தமிழ் வரி வேண்டுமாம். நான் முளைப்பாரிப் பாட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணி, "முதல்ல ஃபேனைப் போடுங்க" என்கிறார்.