பேராதனையில் ஸ்பெஷல் செய்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த வருடம் இரண்டு பிள்ளைகள் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார்கள். இருவரும் தனித்தனியாகப் போன் எடுத்துக் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, ஸ்பெஷல் செய்ய என்ன வேணும்?" நான் முதலாண்டில் இருந்தபோது இதைக் கேட்க எனக்கு ஆள் இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஏ.எல். தாண்டிய முதல் ஆள் நான். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கலைப்பீடத்தில் இரண்டு வழி இருக்கிறது. மூன்று வருடத்தில் 90 கிரெடிட் முடித்தால் ஜெனரல் பட்டம். ஒரு பாடத்தை ஆழமாக எடுத்து நான்கு வருடத்தில் 120 கிரெடிட் முடித்தால் சிறப்புக் கலைமாணி. ஆங்கிலத்தில் இப்போது ஆனர்ஸ் என்று எழுதுகிறார்கள், பிள்ளைகள் வாயில் அது இன்னும் ஸ்பெஷல்தான். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. அதில் விரிவுரை 15 மணித்தியாலம்தான், மிச்சம் நாமாகப் படிப்பது. விரிவுரைக்கு ஒழுங்காகப் போனால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் என் முதல் செமஸ்டர் வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஸ்பெஷலுக்கு நம்மை எடுப்பதா இல்லையா என்பதை எங்கள் பேட்சில் முதலாண்டுப் புள்ளிகளே தீர்மானித்தன. புதிதாக வரும் பிள்ளைகள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாஸ்டலில் பழகி, சாப்பாடு பழகி, மகாபொல புலமைப்பரிசில் காசு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்த வருடத்திலேயே நாலாம் வருடத்துக்கான கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது. முதலாண்டில் மூன்று பாடம் எடுத்தேன்: புவியியல், வரலாறு, தமிழ். முதலாண்டில் எடுக்காத பாடத்தில் பிறகு ஸ்பெஷல் கேட்க முடியாது. அதனால் முதல் வாரத்தில் பாடம் தெரிவுசெய்யும்போதே, இந்த மூன்றில் எதில் நான்கு வருடம் இருப்பேன் என்று யோசித்துவிட வேண்டும். சிநேகிதி எடுக்கிறாள் என்று எடுக்காதீர்கள்.

எனக்குப் புவியியல்தான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியபோது, நான் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அன்றிரவு எங்கள் லயத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கத்து மண்மேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த மண் ஏன் இறங்குகிறது என்று படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது.

ஆனால் முதல் செமஸ்டரில் செய்முறைப் பாடத்தில் சி பிளஸ் வந்தது. இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளுக்குக் குறுக்கே கடதாசி விளிம்பை வைத்து, ஒவ்வொரு கோட்டையும் குறித்து, குறுக்குவெட்டு வரைய வேண்டும். கோட்டை அழகாக வரைந்தேன். நிலைக்குத்து மிகைப்படுத்தலை, அதாவது உயரம் கிடைத் தூரத்தைவிட எத்தனை மடங்கு பெரிதாக வரையப்பட்டிருக்கிறது என்பதை, கணக்கிட்டு எழுத மறந்துவிட்டேன், அதே தவறு மூன்று பயிற்சிகளிலும். சி பிளஸ்ஸுக்குத் தரப்புள்ளி 2.3. மற்றப் புவியியல் பாடத்தில் பி பிளஸ், அதற்கு 3.3. சராசரி 2.8. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அடுத்த செமஸ்டரில் இரண்டிலும் ஏ மைனஸ் (3.7) எடுத்தால் சராசரி 3.25-க்கு வரலாம். அதைத்தான் எடுத்தேன். செய்முறை வகுப்பு முடிந்த பின்னும் மேசையில் இருந்து ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை வரைந்தேன்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெயிலாகி மீண்டும் எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். முதல் தடவையிலேயே எடுக்க வேண்டும். காய்ச்சல் என்றால் உடனே மெடிக்கல் போட்டுவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போய் இருந்துவிட்டு வராதீர்கள்.

புள்ளிகள் வந்த பிறகும் நான் விண்ணப்பிக்காமல் விடப் பார்த்தேன். ஸ்பெஷல் என்றால் எல்லாம் இங்கிலிஷ் மீடியம், தமிழில் எழுத விடமாட்டார்கள் என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பிவிட்டேன். விடுமுறைக்கு ஹட்டனுக்கு வந்துவிட்டேன். துறை அறிவித்தல் பலகையில் விண்ணப்பத் திகதி போட்டதை அறைத்தோழி பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள். "நீ போய்த் துறையில கேட்டியா? கேட்காம எப்படி முடிவு செய்யலாம்?" என்று ஏசினாள். மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போய்த் துறையில் கேட்டேன். தமிழில் எழுதலாம். வாசிக்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம் ஒரு பக்கம். ஏன் இந்தப் பாடம் என்று கேட்ட இடத்தில் அப்பாவின் டார்ச்சைப் பற்றி எழுதினேன். பிறகு ஒரு சிறிய நேர்முகம். தெரிவானோர் பட்டியலில் என் பெயர் இருந்தது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. காலநிலையியல், புவிவெளியுருவவியல், புள்ளிவிவரவியல், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடமும் தரவும் சேர்த்துப் பார்க்கும் முறை), ஆய்வு முறையியல். ஆங்கிலக் கட்டுரை வாசிக்க எனக்கு முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போனது. நூலகத்தில் தினமும் ஐந்து பக்கம் என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அகராதி இல்லாமல் வாசிக்கப் பழகிவிட்டது.

நாலாம் ஆண்டின் ஆய்வேடுதான் ஸ்பெஷலின் உயிர். மலையகத்தில் மண்சரிவு என்று தலைப்புக் கொண்டுபோனேன். மேற்பார்வை செய்த மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது ஒரு ஆளின் ஆயுள் வேலை. உங்களுடைய ஒரு தோட்டத்தை எடுங்க. அங்க என்ன தரவு இருக்கு?" என்று கேட்டார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது தோட்டத்து ஆபீஸின் மழைப் பதிவேடு.

கிளாக்கர் ஐயாவிடம் கடிதத்தோடு போனேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து நீளமான புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். ஒரு நாளுக்கு ஒரு வரி. காலையில் மழைமானியைப் பார்த்து எழுதியது, எல்லாம் அங்குலத்தில். சில பக்கங்களில் மை ஊறி, 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. அப்படியான இடங்களில் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புத்தகத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார். "இது 3, பாப்பா. அந்த வருஷம் எழுதினது யார் கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்." ஒவ்வொன்றையும் 25.4-ஆல் பெருக்கி மில்லிமீற்றராக்கினேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று படிகள் வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டேன். 2.85 அங்குலம் என்று இருந்த ஒரு நாள் 72.39-இல் நின்றது. அன்றைக்குத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு லயத்தின் சுவர் வெடித்தது அம்மாவுக்கு நல்ல ஞாபகம். அதற்கு முந்திய நான்கு நாளும் விடாமல் மழை. ஒரு நாள் மழையை மட்டும் பார்த்தால் போதாது, முந்திய நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமாக வந்தது அப்படித்தான்.

லயங்களுக்குப் பின்னால் வெடிப்புகளை நாடாவால் அளந்து குறித்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் நிறுத்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்து பேட்டி எடுத்தேன். எந்த வருடம் எங்கே மண் இறங்கியது என்பதை மலை நம்பரோடு (தேயிலை மலைக்கு இட்ட எண்) சொல்வார்கள். அதை ஜிஐஎஸ் வரைபடத்தில் வைத்தபோது பெரும்பாலும் சரியாகப் பொருந்தியது. அவர்கள் சொன்னதையும் தரவாகவே எழுதினேன், மேடம் அதை மாற்றச் சொல்லவில்லை.

ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சையான வைவாவில் இருபது நிமிடம் கேட்டார்கள். மழைமானி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, மரத்துக்குக் கீழா என்று கேட்டார் ஒரு சேர். ஆபீஸ் முற்றத்தில், மேலே மறைப்பில்லாத இடத்தில், படம் பின்னிணைப்பில் இருக்கிறது என்றேன். அந்தப் படத்தைப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னது மேடம்தான். இறுதி ஜிபிஏ 3.41. முதல் வகுப்புக்கு 3.70 வேண்டும், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30. எனக்கு மேற்பிரிவு. முதல் செமஸ்டர் சி பிளஸ் அந்தக் கணக்கில் கடைசி வரைக்கும் இருந்தது.

ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கட்டி ஆபீஸில் கொடுத்தேன். கிளாக்கர் ஐயா நேரே அட்டவணைப் பக்கத்துக்குப் போனார், பழைய புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கத் தொடங்கினார்.