ஓஃபிர் சாலையில் ஒரு மாலை

லூர்து அன்னை திருநாளான பிப்ரவரி 11ஐ ஒட்டிய ஞாயிறு மாலை, எங்கள் செபக்குழுவினர் பத்துப் பேர் சிங்கப்பூரின் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குச் சென்றோம். தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்ட இவ்வாலயம், பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டது. 2005 முதல் தேசிய நினைவுச்சின்னமும்கூட.

சில மாதங்களாகக் குழுவுக்கு வரும் கட்டுமானத் தொழிலாளியான தம்பி ஒருவரும் உடன் வந்திருந்தார். அவரிடம் நான் இதுவரை ஒப்படைத்த பணி, நாற்காலிகளை எடுத்துப்போடுவது மட்டுமே.

அன்னையின் சுரூபத்துக்கு முன் அமர்ந்தபோது, லூர்து நகரில் அன்னை மரியாளின் காட்சி கண்ட சிறுமி பெர்னதெத்தை நினைத்துக்கொண்டேன். வயது 14, எழுதப் படிக்கத் தெரியாது, ஆஸ்துமா வேறு. 1858 பிப்ரவரி 25 அன்று, அன்னை காட்டிய இடத்தில் அவர் கையால் மண்ணைத் தோண்டிச் சேற்றுநீரைக் குடித்து, அதையே முகத்திலும் பூசிக்கொண்டதைக் கண்ட கூட்டம், பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே எண்ணியது. அந்தச் சேற்றிலிருந்துதான் பின்னர் தெளிந்த ஊற்று பெருகியது. அங்கிருந்திருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். இயேசுவின் ஊரான நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று இளக்காரமாகக் கேட்ட நத்தனியேலிடமே கபடற்ற உள்ளத்தைக் கண்டு பாராட்டியவர் அவர்; அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லை.

செபமாலை முடிந்தது. மன்றாட்டு மாலையைச் சொல்லவேண்டிய அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. செபங்களைச் சேமித்து வைத்திருந்த என் கைப்பேசியோ அணைந்துவிட்டது. யாரைக் கேட்கலாம் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கையில், பின்வரிசையிலிருந்து, “அண்ணே, நான் சொல்லட்டுமா?” என்றது ஒரு குரல்.

சிமெண்ட் பட்டு வெடித்த விரல்களுக்கிடையே மணிகள் அசையாமல் நிற்க, கண்களை மூடியபடி, ஊர்ப்புறத்துப் பழைய ராகத்தில் அவர் தொடங்கினார். நாங்கள் ‘விண்ணகத்தின் வாயிலே’ என்று வாசித்துப் பழகிய இடத்தில் ‘பரலோகத்தின் வாசலே’ என்றார்; என் பாட்டியின் வாயில் கேட்டதற்குப் பிறகு அச்சொற்களை அன்றுதான் கேட்டேன். ஓரிடத்திலும் தடுமாற்றமில்லை. ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லவேண்டிய நான்தான் இரண்டு முறை தவறவிட்டேன்.

வெளியே வந்ததும் விசாரித்தேன். தாத்தா உபதேசியாராம்; சாமியார் மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வரும் கிராமத்தில், 12 வயதிலிருந்தே இவர் செபம் நடத்தி வந்திருக்கிறார்.

“இதை ஏன் தம்பி முன்பே சொல்லவில்லை?” என்றேன்.

“நீங்க நாற்காலிதானே அண்ணே கேட்டீங்க” என்று சிரித்தார்.