நோர்மிலிருந்து தொடங்கி ஹைனர் முல்லர்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர்களுக்குக் கிழக்கு ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லரின் முதல் பெரிய நாடகத்தை விளக்கத் தேவையில்லை. நோர்ம் என்பது ஒரு நாளில் பறித்தே தீர வேண்டிய அளவு. அந்த நோர்ம் கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். ஒருத்தி அதைப் போல இரண்டு மடங்கு பறித்தால் கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைக்கும். பக்கத்து நிரையில் நிற்பவர்களுக்கோ பயம் பிடிக்கும், நாளைக்கு அந்தக் கிலோவே எல்லோருக்கும் நோர்ம் ஆகிவிடுமோ என்று. அதனால்தான் சொல்கிறேன், முல்லரைப் படிக்க அவருடைய பேர்பெற்ற நாடகமான ‘ஹம்லெட் இயந்திர’த்தில் தொடங்க வேண்டாம். ஒன்பது பக்க அளவுதான், ஆனால் அதற்கு முந்தைய இருபது வருடம் தெரியாமல் அது பிடிபடாது. அந்த முதல் பெரிய நாடகமான ‘கூலியைக் குறைப்பவ’னில் தொடங்குங்கள்.

கிழக்கு ஜெர்மனியில் நோர்ம் சண்டை எப்படி மூண்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1948 ஒக்டோபர் 13 அன்று அடோல்ஃப் ஹென்னெக்கே என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே ஷிப்டில் நோர்மின் 387 சதவீதம் நிலக்கரி வெட்டினார். அவருக்காக இடமும் கருவியும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. பத்திரிகைகள் கொண்டாடின, சக தொழிலாளர்கள் வெறுத்தார்கள். சாதனையாளர் ஒருவர் எட்டிய அளவைக் காட்டி மற்றவர்களின் நோர்மை ஏற்றலாம், சம்பளம் அப்படியே இருக்கும். 1953 மே மாதம் அரசு நோர்மைக் குறைந்தது 10 சதவீதம் ஏற்றத் தீர்மானித்தது. கிழக்கு பெர்லின் கட்டடத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், ஜூன் 17 அன்று நாடெங்கும் கிளர்ச்சி, அதை அடக்கச் சோவியத் டாங்கிகள் வந்தன. தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில் இது நடந்தது.

முல்லர் எடுத்த கதை ஹன்ஸ் கார்பெ என்ற கொத்தனாருடையது. வளையச் சூளை என்பது அறை அறையாகச் சுற்றி எரியும் சூளை. ஓர் அறை பழுதானால் முழுவதையும் அணைத்து, ஆறவிட்டு, பிறகு கட்டுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் உற்பத்தி மாதக்கணக்கில் நிற்கும். பக்கத்து அறைகள் எரிந்துகொண்டிருக்கும்போதே கார்பெ உள்ளே போய்க் கட்டினார். நாடகாசிரியர் பிரெக்ட்டும் இதே கதையை நாடகமாக்க முயன்று, முடிக்காமல் விட்டார். முல்லர் தன் மனைவி இங்கெ முல்லரோடு சேர்ந்து முடித்தார். 1958இல் லைப்சிக்கில் மேடையேறியது, அடுத்த ஆண்டு ஹைன்ரிக் மான் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. இங்கெயின் பங்கை மறந்து எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது அநியாயம்.

நாடகத்தில் அந்தக் கொத்தனாரின் பெயர் பால்கே. சக தொழிலாளர்கள் அவனை அடிக்கிறார்கள். அவசரத்தில் லெர்கா என்ற தொழிலாளி ஈரக் கல்லை வைத்துக் கட்டுகிறான். ஈரம் சூட்டில் ஆவியானால் கட்டு வெடிக்கும். உடனே அதற்கு நாசவேலை என்று பெயர் விழுகிறது. எல்லாவற்றையும்விடக் கூர்மையானது வேறொன்று. ஹிட்லர் காலத்தில் இதே பால்கே காட்டிக்கொடுத்த ஷோர்ன்தான் இப்போது கட்சிச் செயலாளர். காட்டிக்கொடுத்தவனின் உழைப்பு இன்று அவருக்கு வேண்டும்.

இலங்கையில் 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. இடைப்பட்ட வருடங்களில் பேர் பதியும் செக்ரோலும் தராசும் எங்கும் போகவில்லை. முதலாளி மாறிய பிறகு நோர்ம் யாருக்காக என்று முல்லர் கேட்பது நம்மிடமும்தான்.

முல்லர் பிறந்தது 1929இல், சாக்சனியின் எப்பென்டோர்ஃப் ஊரில். 1933இல் நாஜிகள் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். அதே அப்பா 1951இல் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார், மகன் கிழக்கில் தங்கினார்.

அடுத்த அடி 1961 செப்டம்பர் 30 அன்று விழுந்தது. பெர்லின் சுவர் எழுந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் பொருளாதார உயர்கல்லூரி மாணவர்கள் ‘குடியேறி வந்தவள்’ நாடகத்தை ஆடினார்கள். 1945இல் 100 ஹெக்டயாருக்கு மேற்பட்ட பண்ணைகளைப் பறித்துப் பங்கிட்டதிலிருந்து 1960இன் கூட்டுப்பண்ணை வரை கிராமத்தில் நடந்ததைச் சொல்லும் நாடகம். (அங்கே நிலமற்றவனுக்குத் துண்டு நிலமாவது கிடைத்தது, இலங்கையில் 1972 காணிச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தும் தோட்ட லயத்து மக்களின் கைக்கு அந்த நிலம் வரவில்லை.) முதல் நாளோடு தடை. முல்லர் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார், இயக்குநர் டிராகெலேன், கிளெட்விட்ஸ் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். முல்லர் சுயவிமர்சனம் எழுத வேண்டி வந்தது, எப்படி எழுதுவது என்று பிரெக்ட்டின் மனைவி ஹெலனே வைகல் சொல்லிக்கொடுத்தார். பிழைப்புக்கு வேறு பெயரில் வானொலி நாடகமும் எழுதினார். 1966இல் மனைவி இங்கெ தற்கொலை செய்துகொண்டார்.

சமகாலத்தைத் தொட்டால் தடை விழுந்ததால் கிரேக்கக் கதைகள் அவருக்குத் தோதாயின. ‘ஃபிலொக்டெட்’ கிழக்கில் அல்ல, 1968இல் மியூனிக்கில் முதலில் மேடையேறியது. பிற்பாடு வெளிநாட்டுப் பயணம், 1986இல் அரசின் தேசியப் பரிசு, 1988இல் மீண்டும் சங்கத்தில் இடம். சாதாரண மக்களுக்கு இல்லாத கடவுச்சீட்டுச் சலுகை அவருக்கு இருந்தது. உளவுத்துறை அதிகாரிகளோடு பேசிவந்தது 1993இல் வெளிவந்தது, அவரும் ஒப்புக்கொண்டார். இவற்றை மறைத்து அவரைத் தியாகியாக்க வேண்டாம். 1995 டிசம்பர் 30 அன்று இறந்தார்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ‘கூலியைக் குறைப்பவ’னை மேடையேற்ற நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காட்சிகள் சின்னச் சின்னவை, இடையில் விளக்கணைத்து சாமான் மாற்றினால் வேகம் போய்விடும். ஒரே மேசையும் நாலைந்து பெட்டிகளும் போதும். சூளையைக் கட்டிக்காட்ட வேண்டாம், நடிகர் உள்ளே போய்வரும்போது மூச்சிலும் கையில் சுற்றிய துணியிலும் சூடு தெரிந்தால் சரி. நேரம் போதவில்லை என்று ஷோர்னின் பழைய கதையை வெட்டினால் பால்கே முன்மாதிரித் தொழிலாளியாகிவிடுவான், நாடகம் அரசாங்க விளம்பரமாகும். மாறாக அவனை வெறும் கருங்காலியாக்கினால் முதல் காட்சியிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். சூளையைத் தேயிலைத் தொழிற்சாலையாக மாற்றவும் வேண்டாம், நம் சனம் தானாகவே பொருத்திப் பார்க்கும். கடைசியில் பால்கேயை அடித்த கராஸ் அவனோடு வேலைக்கு வருகிறான். அங்கே கட்டிப்பிடிப்பது, பின்னணி இசை எதுவும் கூடாது. எப்போது தொடங்குவது என்ற பேச்சு மட்டும்தான் பிரதியில் இருக்கிறது, அதை வேலைக்காரர்கள் பேசுவது போலவே பேசிவிட்டு விளக்கை அணையுங்கள்.