மக்பேலா நிலமும் அம்மாயியின் குழியும்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசைவீட்டு அறையில்) அம்மாயிக்கு நான் வேதம் வாசித்துக் காட்டிய மாலைகளில், ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கொழுந்துக் கூடையின் கயிறு பல்லாண்டுகள் அழுத்தியதில் அவருடைய தலையில் முடி தேய்ந்து ஒரு தடமே விழுந்திருந்தது. ஆபிரகாமின் மனைவி சாராளை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்தை அதன் சொந்தக்காரர் எப்பெரோன் சும்மா தருவதாகச் சொல்லியும், ஆபிரகாம் அதற்கு இணங்காமல் ஊரார் முன்னிலையில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்த இடம் வந்ததும், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிடும். “எல்லையெல்லாம் எழுதியிருக்கா தம்பி?” என்பார். எழுதியிருக்கிறது. நிலம், குகை, சுற்றெல்லையில் நின்ற மரங்கள் வரை எழுதியிருக்கிறது.

இலங்கையில் 1948இல் குடியுரிமை இழந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒருவர் அவர். எஞ்சியிருந்தோருக்கு அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சொந்தக் காணியோ கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. சாராள் இறந்தபோது 137. கானான் தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்ற வாக்குத்தத்தத்தை நம்பி 62 ஆண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்தவருக்கு, அந்தத் தேசத்தில் விலைக்கு வாங்க வாய்த்த நிலம் மனைவியின் கல்லறை மட்டுமே. பரலோகம் இருக்கக் காணி எதற்கு என்று பிரசங்கிப்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு கல்லறை நிலத்துக்கே சாட்சி வைத்து, எல்லை சொல்லி வாங்கிய விசுவாசத்தின் தகப்பனை அவர்கள் சரியாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஆபிரகாமை நீதிமானாக்கியது அவர் நிறுத்துக் கொடுத்த அந்த வெள்ளி அல்ல. அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று 15ஆம் அதிகாரம் சொல்கிறது. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ரோமர் நிருபத்தில் பவுல் இந்த முன்பின்னையே பற்றிக்கொண்டு, வேலை செய்கிறவனுக்கு வருவது கூலி, விசுவாசிக்கிறவனுக்கு வருவது கிருபை என்று வாதிடுகிறார். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்படும் மலையில் இதை உள்ளபடி நம்புவது எளிதல்ல. ஜெபம் குறைந்த வாரத்தில் தேவனும் தராசைப் பிடித்துக்கொண்டு அரைப்பேர் போடுவார் என்ற பயம் எனக்குள் நெடுநாள் இருந்தது. இரட்சிப்புக்கு நிறுவை இல்லை, வாக்குக் கொடுத்தவர் உண்மையுள்ளவர் என்பதே அதன் ஆதாரம் என்று நான் உணர்ந்தது, நோயில் கிடந்து ஜெபிக்கக்கூட வாய் வராத நாட்களிலும் அம்மாயி கலங்காமல் கிடந்ததைப் பார்த்தபோதுதான்.

அந்த வாக்கு நிறைவேறும் என்பதற்கு நமக்குக் கொடுக்கப்பட்ட அச்சாரம் இன்னொரு கல்லறை. ஆபிரகாம் தம் கல்லறையை விலைக்கு வாங்கினார். அவருடைய வித்தாகிய கிறிஸ்துவோ அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பின் கல்லறையில் வைக்கப்பட்டு, மூன்றாம் நாளில் அதைவிட்டு எழுந்தார்.

அம்மாயியைத் தேயிலை மலைக்குக் கீழே தோட்டத்து மயானத்தில் வைத்தோம். அந்தக் குழிக்கு உறுதிப் பத்திரம் இல்லை. ஒவ்வோர் ஈஸ்டர் அதிகாலையிலும் பனி விலகுமுன் நாங்கள் அங்கே போய், புல்லைச் செதுக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, அவர் விரும்பிய அந்த அதிகாரத்தை எல்லைகள் வரைக்கும் சத்தமாக வாசிக்கிறோம்.