சர்வர் மாறியது, ரிப்போர்ட்டில் எண்களும் மாறின

எங்கள் ரிப்போர்ட்டிங் டேட்டாபேஸ் எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓடுகிறது. அதில் பாதி டேபிள்கள் எங்களுடையவை. மீதி, வெளியில் வாங்கிய பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸில் இருப்பவை. ஒவ்வொரு ப்ரொசீஜரிலும் (சேமித்து வைத்த க்வெரித் தொகுப்பு) டேட்டாபேஸ் பெயர், ஸ்கீமா, டேபிள் என்று நீட்டி எழுத அலுப்பாக இருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் சினானிம், அதாவது சுருக்கமான மாற்றுப் பெயர், போட்டு வைத்திருந்தோம். எஸ்.க்யூ.எல். சர்வரின் 2005 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதிதான்.

பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்புக்குக் கேஸ் சென்சிட்டிவ் (சி.எஸ்.) கொலேஷன், அதாவது கேபிடலையும் ஸ்மாலையும் வேறு வேறாகப் பார்க்கும் எழுத்து ஒப்பீட்டு விதி, கட்டாயம் என்றார்கள். புதிய சர்வரையே அப்படி நிறுவிவிட்டார்கள். பில்லிங் டேட்டாபேஸும் சி.எஸ். எங்கள் டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்ததால் அது பழையபடி சி.ஐ. (கேஸ் இன்சென்சிட்டிவ், இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது) ஆகவே இருந்தது. ஆக, ஒரே இடத்தில் இரண்டு சட்டம்.

முதலில் விழுந்தவை சினானிம்கள். 5313 என்ற பிழை: சினானிம் சுட்டும் பொருள் செல்லாது. சினானிமை உருவாக்கும்போது அது சுட்டும் டேபிள் உண்மையில் இருக்கிறதா என்று சர்வர் பார்ப்பதே இல்லை. பயன்படுத்தும்போதுதான் தேடும். டேபிள் பெயரில் முதல் எழுத்து கேபிடல் என்றால், எங்களில் யாரோ எப்போதோ எல்லாம் ஸ்மாலில் அடித்திருப்பார்கள். பழைய சர்வரில் அது பொருட்டே இல்லை. இப்போது அந்தப் பெயர் பில்லிங் டேட்டாபேஸின் சட்டப்படி தேடப்படுகிறது, கிடைக்கவில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. சினானிம்களின் பட்டியலான சிஸ்.சினானிம்ஸ் வியூவில் பேஸ்_ஆப்ஜெக்ட்_நேம் என்ற காலம் (நெடுவரிசை) இருக்கிறது. அதை ஆப்ஜெக்ட்_ஐடி ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், கிடைக்காதவற்றுக்கு நல் (வெற்று மதிப்பு) வரும். பட்டியல் உடனே வந்துவிட்டது. திருத்துவதில்தான் ஒரு தொல்லை: சினானிமுக்கு ஆல்டர் (இருப்பதை மாற்றும் கட்டளை) கிடையாது. டிராப் செய்து புதிதாக உருவாக்க வேண்டும். டிராப் செய்தால் அதன்மேல் கொடுத்திருந்த அனுமதிகளும் போய்விடும். அனுமதி தரும் கிராண்ட் வரிகளை முன்கூட்டியே ஸ்கிரிப்ட் எடுத்து வைத்துக்கொண்டு செய்தோம்.

அடுத்தது 137, வேரியபிள் டிக்ளேர் செய்யப்படவில்லை என்கிற பிழை. எங்கள் டேட்டாபேஸ் சி.ஐ. தானே, எங்கள் ப்ரொசீஜருக்குள் ஏன் இது என்று குழம்பினோம். வேரியபிள் பெயர்களும் டெம்ப் (தற்காலிக) டேபிள் பெயர்களும் டேட்டாபேஸின் கொலேஷனைப் பார்ப்பதில்லை, சர்வரின் கொலேஷனைத்தான் பார்க்கும். மேலே கேபிடலில் அறிவித்து, கீழே ஸ்மாலில் எழுதிய ஒவ்வொரு இடமும் இப்போது பிழை. எல்லா ப்ரொசீஜரையும் ஸ்கிரிப்ட் எடுத்து டெஸ்ட் சர்வரில் மறுபடி ஆல்டர் ஓட்டினோம். வேரியபிள் பிழைகள் அங்கேயே கத்தின. டெம்ப் டேபிள் பெயரில் இருந்தவை அப்படி இல்லை. ப்ரொசீஜர் உண்மையில் ஓடி அந்த வரிக்கு வந்தால்தான் 208, அப்படி ஒரு பொருள் இல்லை என்கிற பிழை, வரும். மாதக் கடைசியில் மட்டும் ஓடுபவற்றைக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் 468, கொலேஷன் மோதல். டெம்ப் டேபிளை கிரியேட் டேபிள் என்று உருவாக்கினால் அதன் எழுத்துக் காலங்கள் டெம்ப்டிபியின் (டெம்ப் டேபிள்கள் இருக்கும், சர்வரின் கொலேஷனையே கொண்ட டேட்டாபேஸ்) கொலேஷனை எடுத்துக்கொள்ளும். எங்கள் டேபிளோடு ஜாயின் செய்தால் மோதல். காலம் அறிவிப்பில் கொலேட் டேட்டாபேஸ்_டிஃபால்ட் என்று சேர்த்தால் சரி. டேபிள் வேரியபிளில் இந்தப் பிரச்சினை வரவில்லை. அது நடப்பு டேட்டாபேஸின் கொலேஷனையே எடுத்துக்கொள்கிறது. க்வெரியின் விடையிலிருந்தே டேபிள் உருவாக்கும் செலக்ட் இன்ட்டுவும் மூலக் காலத்தின் கொலேஷனை அப்படியே கொண்டுவரும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சிவப்பு எழுத்தில் வருபவை. நேரம் பிடிக்கும், ஆனால் எங்கே என்று தெரியும். சத்தமே போடாமல் தவறான பதில் தருபவைதான் ஆளைக் கொல்லும். நிலை 'ஓப்பன்' என்று இருக்கும் பில்களை எடுக்கும் க்வெரி சுழியம் வரிசை தந்தது. க்வெரியில் ஸ்மால் எழுத்து, டேபிளில் கேபிடல். மேற்கோளுக்குள் எழுதும் சொல்லுக்கு என்று தனிப் பிடிவாதம் கிடையாது. ஒப்பிடப்படும் காலத்தின் கொலேஷனை அது ஏற்றுக்கொள்ளும். அதனால் மோதலும் இல்லை, பிழையும் இல்லை. ஊர்வாரியாக குரூப் பை செய்த ரிப்போர்ட்டில், கேபிடலும் ஸ்மாலும் மாறிப் பதிந்திருந்த சென்னை இரண்டு முறை வந்தது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரிசை இல்லாதவற்றை மட்டும் எடுப்பது) இருந்த இடங்களில் விளைவு தலைகீழ்: பணம் கட்டாதவர்கள் பட்டியலில் கட்டியவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். (தமிழில் பதிந்த பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் எழுத்தில் கேபிடலும் கிடையாது, ஸ்மாலும் கிடையாது.)

இதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு சினானிமும் ஒரு காரணம். க்வெரியைப் படித்தால் டிபிஓ (வழக்கமான ஸ்கீமா பெயர்) புள்ளி ஏதோ ஒரு பெயர். நம் வீட்டு டேபிள் போலவே தெரியும். சினானிம் முகவரியை மட்டும்தான் சுருக்குகிறது. காலத்தின் கொலேஷன் பில்லிங் வீட்டுச் சட்டத்தோடுதான் வருகிறது. க்வெரி எங்கள் சி.ஐ. டேட்டாபேஸிலிருந்து ஓடுகிறது என்பதால் ஒப்பிடுதலும் சி.ஐ. ஆகிவிடாது. கடைசியில் பழைய சர்வரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ரிப்போர்ட்டின் வரிசை எண்ணிக்கையையும் தொகையையும் ஒப்பிட்டுத்தான் பிடித்தோம்.

தீர்வு என்று வந்தபோது, எல்லா ஜாயினிலும் கொலேட் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். பில்லிங் டேபிள் பெரியது. அதன் காலத்தைச் சி.ஐ. ஆக ஒப்பிடச் சொன்னால், அதன் மேலிருக்கும் இண்டெக்ஸில் நேரே தேடிப் போக முடியாது, முழுவதையும் அலசும். சோதித்தோம், அப்படித்தான் ஆனது. டேட்டாபேஸின் கொலேஷனையே ஆல்டர் டேட்டாபேஸ் போட்டு மாற்றலாமே என்றார் இன்னொருவர். அது இனி உருவாகும் காலங்களுக்குத்தான், ஏற்கெனவே இருக்கும் டேபிள்களின் காலங்கள் மாறாது.

கடைசியில் கலந்து செய்தோம். வாடிக்கையாளர் குறியீடு பில்லிங்கில் எப்போதும் கேபிடல்தான் என்று உறுதி செய்துகொண்டு, எங்கள் பக்கம் எக்செல்லிலிருந்து ஏற்றும்போதே அப்பர் (எல்லாவற்றையும் கேபிடல் ஆக்கும் ஃபங்ஷன்) போட்டு ஏற்றினோம். எங்கள் டேபிளில் அந்தக் குறியீட்டுக் காலத்தை பில்லிங்கின் அதே கொலேஷனுக்கு மாற்றினோம். மாற்ற, அதன் மேலிருந்த இண்டெக்ஸையும் கன்ஸ்ட்ரெயின்டையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருந்தது. நிலை, ஊர் போன்ற சின்ன டேபிள்களுக்கு சினானிமை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு வியூ (டேபிள் போலப் பயன்படும், சேமித்து வைத்த செலக்ட்), உள்ளே கொலேட். நூறு வரிசைகளை அலசுவதால் எதுவும் குறைந்துவிடாது.

அளவுகள் டேபிளை மட்டும் தொடவில்லை. அங்கே ஸ்மால் எம், கேபிடல் டபிள்யூ என்றால் மில்லிவாட். இரண்டுமே கேபிடல் என்றால் மெகாவாட். சி.ஐ. ஆக்கினால் இரண்டும் ஒன்றாகி, ஜாயினில் ஒவ்வொரு வரிசையும் இரட்டிப்பாகும். பில்லிங்காரர்கள் சி.எஸ். கேட்டதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றியது. எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

சினானிம் சோதிக்கும் அந்த க்வெரியை இப்போது தினமும் இரவு ஓடும் ஜாபில் போட்டிருக்கிறோம். நல் வந்தால் மெயில் வரும். இணைத்து வைத்த வேறொரு சர்வரை (லிங்க்டு சர்வர்) சுட்டும் சினானிம்களை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம், ஏனென்றால் அவற்றுக்கு ஆப்ஜெக்ட்_ஐடி எப்போதும் நல்தான் தரும். அவற்றுக்குத் தனியாக, ஒரே ஒரு வரிசையை எடுக்கும் டாப் 1 செலக்ட் ஓட்டிப் பார்க்கிறோம்.